மூன்றாவது வரி

அரியலூரில் வீடு வீடாகப் போய் நெல் குத்தும் உண்ணாமலைக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் ரேஷன் கார்டில் எந்த வரி யாருடையது என்பது மட்டும் தலைகீழ்ப் பாடம். முதல் வரி புருஷன் கருப்பண்ணன், இரண்டாவது அவள், மூன்றாவது மகன் இளையபெருமாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துநாலில் கருப்பண்ணன் காமாலையில் போய்ச் சேர்ந்ததும், ரேஷன் கடைக் குமாஸ்தா வைத்திலிங்கம் அந்த முதல் வரியின்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். பாடை கிளம்பும்போது தெருவே கேட்க அழுதவள், கோட்டைப் பார்த்ததும் வாயடைத்துப் போனாள். இருபது வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை இல்லையென்று ஆக்க அவ்வளவு மைதான் தேவைப்பட்டது.

அடுத்த வருஷம் இளையபெருமாள் பள்ளிக்கே முதலாவதாகத் தேறினான். திருச்சிக் கல்லூரியில் சம்பளம் கட்டாமல் படிக்க இடம் கொடுத்தார்கள். ஹாஸ்டலில் தங்கவும் சாப்பிடவும் கூட இலவசம். கூடப் படித்த குருநாதனும் அதே ஹாஸ்டலுக்குத்தான் போகிறான். நெல் குத்துகிறவள் மகனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அது அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். ஹாஸ்டலில் சாப்பிடுகிறவன் வீட்டுக் கார்டில் தன் பேரை நீக்கி, அதற்குச் சீட்டு வாங்கி வர வேண்டும் என்று கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தில் எழுதியிருந்தது.

தாயும் மகனும் கடைக்குப் போனார்கள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு வைத்திலிங்கம் சிவப்புப் பேனாவைத் திறந்ததுதான் தாமதம், உண்ணாமலை கார்டைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள். இது இடம் மாற்றுவது மட்டும்தான் என்று குமாஸ்தா பொறுமையாகச் சொன்னார். மகனும் வழிநெடுகச் சொல்லிப் பார்த்தான். அவள் காதில் ஏறவில்லை.

"உங்கப்பன் பேருல கோடு போட்டப்ப நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். உயிரோட இருக்குற புள்ள பேர அடிக்கச் சொல்லி நான் கைநாட்டு வைக்க மாட்டேன்டா."

கல்லூரிக்கு ஒரு மைல் தள்ளி ஒரு தர்ம சத்திரம் இருந்தது. அதன் பின்கட்டில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சும்மாவே அறை விட்டார்கள். சமையல் அவரவர் பாடு, கார்டைப் பற்றிக் கேட்பாரில்லை. அவன் பங்கு அரிசியைத் தானே வாங்கி வாராவாரம் ரயிலில் அனுப்புவதாக உண்ணாமலை முடிவு கட்டினாள். இளையபெருமாள் படித்தவன். எது நல்லதென்று அவனுக்குத் தெரியாமலில்லை. ஆனால் அழுகிற தாயை எதிர்த்துப் பேசத் தெரியாத பிள்ளை அவன். ஹாஸ்டல் வேண்டாமென்று எழுதிப் போட்டுவிட்டு, ஒரு மண் சட்டியோடு ரயிலேறினான்.

வாராவாரம் அவள் அரிசியைப் புடைத்து, கல் பொறுக்கி, திருச்சிக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பினாள். தனக்குக் குருணைக் கஞ்சி போதும் என்று தன் பங்கிலும் ஒரு பிடி சேர்த்துக் கட்டினாள். அவன் எழுதும் தபால் கார்டுகளை வைத்திலிங்கம்தான் படித்துக் காட்டுவார். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, உடம்பைப் பார்த்துக்கொள் என்றே எல்லாவற்றிலும் இருக்கும்.

மார்கழியில் குருநாதன் அவனைக் கைத்தாங்கலாக ரயிலிலிருந்து இறக்கினான். அனலாகக் காய்ச்சல். எலும்புகளை எண்ணிவிடலாம் போல இருந்தான். பத்து நாள்தான். காய்ச்சலோடு மல்லுக்கட்ட உடம்பில் தெம்பு இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பொங்கலுக்கு முந்தின நாள் அவன் கண்ணை மூடினான்.

பதினாறு கழிந்து குருநாதன்தான் உள்ளதைச் சொன்னான். திருச்சி ஸ்டேஷனில் வெளியூர் அரிசியைப் பிடிக்க சர்க்கார் ஆட்கள் நிற்பார்கள். அவள் அனுப்பிய மூட்டைகளில் பாதி அங்கேயே பறிபோயிற்று. அந்த வாரங்களில் இளையபெருமாள் ஒரு வேளைக் கஞ்சியோடு படுத்துவிடுவான். ஹாஸ்டலுக்குச் சாப்பிட வாடா என்று குருநாதன் கூப்பிட்டால், அங்கே தன் பேர் இல்லையே என்று சிரிப்பானாம். ஊரில் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். உண்ணாமலை அழவில்லை.

அடுத்த வாரம் அவள் கடைக்குப் போனாள். வைத்திலிங்கம் எப்போதும் போல இரண்டு பேருக்கு அளக்கச் சொன்னார். இன்னும் ஒரு மாசம் அந்தப் பேர் கிடக்கட்டும், யார் கேட்கப் போகிறார்கள் என்று அவருக்குள் ஒரு இரக்கம்.

"வேணாங்கய்யா, அடிச்சிடுங்க," என்றாள் உண்ணாமலை. "அன்னைக்கே அடிக்க வுட்டிருந்தா எம்புள்ள வயிறாரச் சாப்பிட்டிருக்கும்."

கார்டை விரித்து மூன்றாவது வரியில் விரலை வைத்துக் காட்டினாள். குமாஸ்தா பேனாவைத் திறந்தார். கோடு கோணலாகாமல் இருக்க, அவளே கார்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.