நகர்ந்துபோன சிவப்பு

என் வேலை பெட்டி வரைவது. பெங்களூர் பீன்யாவில் ஓர் அட்டைப்பெட்டி அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஊதுபத்திக்கும் முறுக்குக்கும் குக்கர் கேஸ்கெட்டுக்கும் மேலுறை செய்கிறேன். விசிட்டிங் கார்டில் டிசைனர் என்று போட்டிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால் என் கணவர், "பிரிண்டிங்ல இருக்கா" என்று முடித்துவிடுவார். இரண்டில் எது சரி என்று எனக்கே தெரியாமல் பல வருஷம் ஓடிவிட்டது. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதும் கிடையாது, பாழாய்ப்போன போனில் மற்றவர்கள் செய்கிற வேலையைப் பார்க்கத் தொடங்கும் வரை.

அச்சுப் பிளேட் வரத் தாமதமான ஒரு மத்தியானம். சும்மா போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு வெல்லப் பாக்கெட் வந்தது. முழுக்க மஞ்சள். ஒரு மூலையில் ஒரே ஒரு கறுப்பு எறும்பு. நெட் மெதுவாக இருக்கிறது, மீதிப் படம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவ்வளவுதான் டிசைனே. அதன் கீழே ஊரே திரண்டு வந்து பாராட்டியிருந்தது.

எங்கள் கஸ்டமரிடம் இதைக் காட்டியிருந்தால், "எறும்பு மொய்ச்ச சரக்குன்னு நெனைக்க மாட்டாங்களா மேடம்?" என்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த எறும்பு என்னை விடவில்லை. வீட்டுக்குப் போகிற மெட்ரோவில் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நான் இறங்க வேண்டிய ஸ்ரீராம்புரம் ஸ்டேஷனைத் தாண்டிப் போய், மெஜஸ்டிக்கில் இறங்கித் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு அதே மாதிரி டிசைன்கள் ஒன்று ஒன்றாக வந்து விழுந்தன. ஒரு பக்கத்தைத் தொட்டால் அதைப் போல் இன்னும் பத்துப் பக்கத்தைப் போன் தானாகவே கொண்டுவந்து நீட்டியது. சென்னையில் இரண்டு பேர். கோவாவில் ஒரு புருஷன் பெண்டாட்டி. எங்கோ போர்ச்சுகலில் மூன்று பெண்கள். ஒரு அறை, இரண்டு மேஜை, பெரும்பாலும் ஒரு பூனை, அவ்வளவுதான் ஆபீஸ். ஓனர் கிடையாது, மார்க்கெட்டிங் ஆள் கிடையாது. தாங்களே வேலை பிடித்து, பிடிக்காத வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்களாம். வேண்டாம் என்று சொல்வார்கள் என்பதை நினைத்துத்தான் எனக்குத் தலைசுற்றியது. அவர்களுடைய வெப்சைட்டில் எங்கே அழுத்தினால் உள்ளே போகலாம் என்றுகூடப் புரியாது. லோகோவைப் பெருசாக்கு, இன்னும் பெருசாக்கு என்றே கேட்டுப் பழகியவள் நான். அங்கே லோகோவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எங்கள் தொழிலில் முறை வேறு. கஸ்டமர் பையிலிருந்து போட்டிக் கம்பெனியின் பெட்டியை எடுத்து மேஜையில் வைப்பார். "சேம் டு சேம் வேணும். ஆனா கேஸ் போடக் கூடாது" என்பார். நான் ரோஜாவைத் தாமரை ஆக்குவேன், மயிலைக் கிளி ஆக்குவேன். காலி இடம் விட்டால், "சும்மாதானே கெடக்குது, ஒரு பூ போடுங்க" என்பார். போடுவேன். இதற்குத்தான் சம்பளம் என்று நிம்மதியாக இருந்தவளுக்கு, அந்த மஞ்சள் பாக்கெட்டுக்குப் பிறகு ஒவ்வொரு பூவும் உறுத்த ஆரம்பித்தது. நான் செய்வது டிசைனா இல்லையா என்று கேட்டுக்கொண்டே பூப் போட்டேன்.

இந்த நேரம் பார்த்து, நான் ரொம்பப் பிரியமாகப் பின்தொடர்ந்த ஒரு சின்ன ஸ்டுடியோ, ஆள் தேவை என்று போட்டது. வெல்லப் பாக்கெட் செய்தவர்கள். அவர்கள் இருப்பதோ இதே ஊரில், ஜோகுபாளையத்தில், ஒரு வீட்டு மாடியில். படிப்பு முக்கியமில்லை, உங்கள் வேலையில் பத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள், பேசலாம் என்று எழுதியிருந்தார்கள். என் வயதை நினைத்தேன். அங்கே போட்டோவில் இருந்தவர்கள் எல்லாம் என்னைவிடச் சின்னவர்கள்.

"சும்னே ஏன் தலைய ஒடச்சிக்கிற? போய்த்தான் பாரேன். கூப்ட்டு அடிக்கவா போறாங்க?" என்றார் கணவர், தன் பெங்களூர்த் தமிழில். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவர் அவர். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று எல்லாவற்றுக்கும் ஒரு விடை வரும் என்பது அவர் நம்பிக்கை.

பத்து வேலை. என் பெட்டிகளை வரிசையாகத் திறந்து பார்த்தேன். கிளி, தாமரை, மறுபடி கிளி. எல்லாம் யாரோ கொண்டுவந்த பெட்டியின் சாயல். இதை எப்படி என்னுடையது என்று நீட்டுவது? ஒன்றுகூட வேண்டாம் என்று முடிவு செய்து, புதிதாகப் பத்துச் செய்தேன். இல்லாத ஒரு காபிக் கடைக்குக் கப். இல்லாத ஒரு சங்கீத விழாவுக்குப் போஸ்டர். யாரும் எழுதாத புத்தகத்துக்கு அட்டை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து செய்தேன். காலி இடம் தாராளமாக விட்டேன். முடித்துப் பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. எனக்குள் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

ஜோகுபாளையத்தில் அந்த மாடிக்குப் படி வெளிப்புறமாக இருந்தது. கதவைத் திறந்தவள்தான் ஸ்டுடியோவை நடத்துகிறவள். கூட இருந்த பார்ட்னர் காதில் ஹெட்போனோடு தலையை மட்டும் ஆட்டினார். அவள் பெயரை வைத்து என்னைத் தமிழ் என்று கண்டுபிடித்து, "நானும் கோயமுத்தூர்தாங்க. காபி சாப்பிடறீங்களா?" என்றாள். அந்த 'ங்க' கேட்டதும் பாதி பயம் போனது.

லேப்டாப்பில் என் வேலைகளைப் பொறுமையாகப் பார்த்தாள். கப்பைப் பார்த்துவிட்டு, "இது அந்த போர்ச்சுகல்காரங்க ஸ்டைல், இல்லீங்களா?" என்றாள். போஸ்டரைப் பார்த்து, "இது சென்னையில ரெண்டு பேர் பண்றாங்களே, அவங்க மாதிரி" என்றாள். புத்தக அட்டைக்கு வந்ததும் சிரித்துவிட்டாள். "இது நாங்களேதாங்க." அந்த அட்டையில் ஒரு மூலையில் ஒரு சின்னச் சிலந்தி வைத்திருந்தேன். அது எறும்பிலிருந்து வந்தது என்று, சத்தியமாக, அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

"தப்பே இல்லீங்க. நாம எல்லாரும் அதே பேஜைத்தான பாத்துட்டு இருக்கறோம்" என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. அதனாலேயே இன்னும் கூசியது. பிறகு கேட்டாள். "இதுல உங்களோடது எதுங்க?"

லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, பத்தையும் மறுபடி பார்த்தேன். போட்டிக்காரன் பெட்டியைப் பார்த்துச் செய்வதைத்தான் காப்பி என்று நினைத்திருந்தேன். நெஞ்சிலிருந்து வந்தது என்று நம்பியதும் அதேதான் என்றால், பிறகு எது எதிலிருந்து வருகிறது? எனக்கு அழுகை வந்தது. காபியைக் குடித்துச் சமாளித்தேன்.

அவள் என்னைத் தேற்றத்தான் எழுந்தாள் என்று நினைக்கிறேன். "சொந்தம்னு நான் எதச் சொல்றேன்னா, இதப் பாருங்க" என்று சுவரைக் காட்டினாள். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் ஊதுபத்திப் பெட்டி, பிரித்து விரித்து மாட்டியிருந்தது. ரோஜாச் செடியில் உட்கார்ந்த ஒரு பச்சைக் கிளி. கிளியின் சிவப்பு அலகு முகத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி, காற்றில் தொங்கியது. ரோஜாக்களின் சிவப்பும் இதழ்க் கோட்டை விட்டு நகர்ந்து, இலைமேல் ஏறியிருந்தது.

"சிட்டி மார்க்கெட்ல பழைய பேப்பர் கடையில கெடச்சுது. யாரு பண்ணாங்கன்னே தெரியலீங்க. எவ்ளோ தைரியம் பாருங்க. அலகைத் தனியா எடுத்துப் போட்டுட்டாங்க. கிளி இப்பத்தான் பேசி முடிச்ச மாதிரி இல்ல?"

அது என் பெட்டி. நான் மயிலிலிருந்து மாற்றிய கிளி.

அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பிளேட். எல்லா நிறமும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்கார வேண்டும். அதை ரெஜிஸ்டர் என்போம். அந்த லாட் ஓடியபோது விடாத மழை. அட்டை போர்டு ஈரம் குடித்து விரிந்து, சிவப்பு மட்டும் நகர்ந்துவிட்டது. கஸ்டமர் முழு லாட்டையும் திருப்பி அனுப்பினார். ஓனர் எல்லோர் எதிரிலும் கத்தினார். அதிலிருந்துதான் மெஷின் ஓடும்போது டிசைனரும் கீழே போய் ஷீட் பார்க்க வேண்டும் என்று விதி வைத்தார். பழுதான பெட்டிகளை வேஸ்ட் பேப்பர்காரர் அள்ளிக்கொண்டு போனார். அதில் ஒன்று இப்படி ஜோகுபாளையம் வந்து, சட்டத்துக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

சொன்னால் வேலை கிடைத்துவிடும் என்று மனசு சொன்னது. அவளுக்குப் பிடித்தது நான் செய்யாதது என்றும் அதே மனசு சொன்னது. இரண்டையும் சொல்லிவிட்டேன். "இந்தப் பெட்டி நான் பண்ணது. ஆனா அந்தச் செவப்ப நான் அங்க வைக்கல. மழையில போர்டு விரிஞ்சு நகந்துடுச்சு. ரிஜெக்ட் ஆன லாட் இது."

அவள் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். மலர்ந்தது. "மழை பண்ணதா? இன்னும் அழகுங்க" என்றாள். பார்ட்னரின் ஹெட்போனைக் கழற்ற வைத்து அவரிடமும் சொன்னாள். பெட்டி பக்கத்தில் என்னை நிறுத்திப் போட்டோ எடுத்தாள். சிரிக்கச் சொன்னாள், சிரித்தேன். வீட்டுக்கு வந்து போட்டோவைக் கணவரிடம் காட்டியபோது, "வேல கெடச்சுதா இல்லியா?" என்றுதான் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

அந்த வாரக் கடைசியில் மெசேஜ் வந்தது. உங்களைச் சந்தித்ததில் ரொம்ப சந்தோஷம், இந்த முறை வேறு ஒருவரை எடுத்திருக்கிறோம். அதற்கடுத்த வரியில், அந்தப் பெட்டிக்குக் கீழே உங்கள் பெயரை எழுதி வைக்க ஆசைப்படுகிறோம், எங்கள் பக்கத்திலும் போடுவோம், பெயரை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லுங்கள் என்று இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. நான் வேண்டாம், என் பெட்டி மட்டும் வேண்டும். அந்தக் கோபத்துக்குள்ளேயே வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷமும் இருந்தது. நான் பார்த்துப் பார்த்து ஏங்கிய பக்கத்தில் என் பெயர் வரும்.

"குடேன். பேரு குடுத்தா என்ன கொறஞ்சுடப் போவுது? இத்தன வருஷத்துல எந்தப் பெட்டியில உம் பேரு போட்டாங்க?" என்றார் கணவர். அவர் சொன்னது வாஸ்தவம்தான்.

என்னிடம் அதே பெட்டி சரியாக அச்சானது ஒன்று இருந்தது. மறுபடி ஓட்டிய லாட்டிலிருந்து எடுத்தது. அலகு முகத்தில், சிவப்பு இதழுக்குள், எல்லாம் அதன் அதன் இடத்தில். போட்டோ எடுத்து அனுப்பி, பெயர் போடலாம், ஆனால் இதை மாட்டி இதன் கீழே போடுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன் என்று எழுதினேன். அவள் டைப் செய்வது தெரிந்தது, நின்றது, மறுபடி தெரிந்தது. கடைசியில், "இதுவும் நல்லா இருக்குங்க. ஆனா எங்களுக்கு மனசுக்குப் புடிச்சது அதுதான்" என்று வந்தது.

அப்படியானால் என் பெயர் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிய கையோடு அழுதேன். ரோஷத்துக்காக எழுதினேனா, உண்மைக்காக எழுதினேனா என்று இன்றுவரை பிடிபடவில்லை. "போவட்டும் விடு" என்று கணவர் என் தட்டில் இன்னொரு சப்பாத்தி வைத்தார்.

திங்கட்கிழமை பீன்யாவில் காலையிலிருந்தே மழை. மிளகாய்த்தூள் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் ஓடுகிற மெஷினிலிருந்து ஒரு ஷீட்டை உருவி என் கையில் கொடுத்தார். சிவப்பு லேசாக நகர ஆரம்பித்திருந்தது. மிளகாய் ஒரு பக்கம், அதன் பச்சைக் காம்பு ஒரு பக்கம். நடுவே தலைமுடி அளவு வெள்ளை. முன்பென்றால் ஷீட் கைக்கு வருவதற்குள் நிறுத்தச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழகாக இருக்கிறது என்று தோன்றியது. பழுது என்றும் தோன்றியது. இரண்டில் எது என் கண், எது அவளுடைய கண் என்று தெரியவில்லை.

"மேடம், ஓகேனா? நிறுத்தட்டா?" என்றார் ஆபரேட்டர்.

அவர் மறுபடியும் கேட்டார். நான் ஷீட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தேன், மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.