நான் குனிந்த அளவுக்கு

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குனிந்து கால் விரலைத் தொடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமானால், சொல்லிக் கொடுக்கிறவனுக்குக் குனிய வர வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வாயால் சொன்னால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். பார்க்கத்தான் செய்தார்கள். என்னை.

கடத்தூரிலிருந்து பைக்கில் போய்வரும் தூரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியர். எங்கள் பள்ளிக்கு ஆசிரியர்கள் இரண்டே பேர். மூன்றாம் வகுப்பு வரை தலைமையாசிரியை பார்த்துக்கொள்கிறார். நான்கும் ஐந்தும் என் பொறுப்பு. தொடக்கப் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் என்று தனியாக யாரையும் போடுவதில்லை. பிள்ளைகளுக்கு உடம்பு ஆறாம் வகுப்பில்தான் முளைக்கிறது என்று மேலே யாரோ முடிவு செய்திருக்க வேண்டும்.

ஆகவே விளையாட்டையும் எங்களில் ஒருவர்தான் எடுக்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் வேலையைப் பங்கு போட்டபோது, காலை உணவு, மதிய உணவு, கட்டட மராமத்து, பெற்றோர் கூட்டம் எல்லாவற்றையும் தலைமையாசிரியை எடுத்துக்கொண்டார். "விளையாட்டு?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். அந்த ஆண்டு முழுவதிலும் என் உடம்பு செய்த வேகமான அசைவு அது ஒன்றுதான். புதனும் வெள்ளியும் மொத்தப் பள்ளிக்கும் கடைசிப் பீரியட் விளையாட்டு, புங்கமரத்து நிழல், ஒரு நாற்காலி. வேறென்ன வேண்டும்.

என் உடம்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பைக்கை வகுப்பறைப் படி வரைக்கும் ஓட்டிக்கொண்டு வருகிறவன் நான். அந்த இரண்டு படி மட்டும் இல்லாமல் இருந்தால் கரும்பலகை வரை வந்திருப்பேன். சாக்பீஸ் கீழே விழுந்தால் குனிந்து எடுக்க மாட்டேன், இன்னொன்று எடுத்துக்கொள்வேன். அரசாங்கம் கொடுத்த பந்தும் வளையமும் ஸ்கிப்பிங் கயிறும் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் கை பட்டால் பழசாகிவிடும் அல்லவா. பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியைத் தேடிக்கொண்டிருப்பதாகப் போன வருஷத்திலிருந்து நானும் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

இருந்தாலும் சம்பளம் வாங்குகிறவன். ஒவ்வொரு விளையாட்டுப் பீரியடிலும் முதலில் கொஞ்ச நேரம் உடற்பயிற்சி, பிறகு ஆட்டம் என்று ஒழுங்கு வைத்திருந்தேன். பயிற்சியில் எனக்கென்று ஒரு உத்தியும் உண்டு. பிள்ளைகளைப் பார்த்து நின்றால் என் வலது கை அவர்களுக்கு இடது கையாகக் குழம்பும். அதனால் கொடிக்கம்பத்தைப் பார்த்து, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ரொம்பப் பெருமை. அவர்கள் பின்னால் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது என்பது ஒரு சின்னக் குறையாகத்தான் பட்டது. பயிற்சி முடிந்ததும் "போய் விளையாடுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்கு வந்து, செல்போனில் கல்வித் துறைக்கு அன்றைக்கு ஏற்ற வேண்டிய விவரங்களை ஏற்றத் தொடங்குவேன். பிள்ளைகள் கல்லா மண்ணா ஆடுவார்கள். தாழ்வாரத்துப் படியெல்லாம் கல், கீழே மைதானமெல்லாம் மண். ஒருவன் 'கல்' என்று கேட்டு வாங்கினால் கல் அவன் இடம், அங்கே கால் வைக்கிறவர்களை அவன் துரத்திப் பிடிக்க வேண்டும். அந்தக் கூச்சல் எனக்கு நல்ல தாலாட்டு.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. அரையாண்டுக்குப் பிறகு ஒரு நாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். அவர் ஒல்லியான ஆள், வேகமாக நடப்பார், அதைவிட வேகமாகப் பேசுவார்.

"சார், அஞ்சாவதுல பாதிப் பேருக்கு வகுத்தல் வரல."

"வந்துடும் மேடம்."

"எப்ப வரும்? அந்த வெளையாட்டுப் பீரியட எனக்குக் குடுத்துடுங்க. ரெண்டு நாளும் ஒக்கார வெச்சு வகுத்தல் போடவெக்கறேன்."

"அது பசங்க உடம்புக்கு..."

"யாரு உடம்புக்கு? பசங்க வேர்த்து விறுவிறுத்து வர்றாங்க, நீங்க பவுடர் கலையாம வர்றீங்க. அங்க என்னா நடக்குதுன்னே எனக்குத் தெரியல. அடுத்த வெள்ளிக்கெழமை ஆபீசர் வர்றாரு. அவர் முன்னாடி பசங்க பயிற்சிய ஒழுங்கா செஞ்சு காட்டட்டும். காட்டுனா பீரியட் இருக்கட்டும். இல்லன்னா வகுத்தல்."

ஆபீசர் என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். நான் வகுப்புக்குத் திரும்புவதற்கு முன்பே சேதி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. முதல் பெஞ்சில் உட்காரும் ஐந்தாம் வகுப்புச் சிறுமி எழுந்து நின்றாள். மைதானத்தில் எந்த ஆட்டமானாலும் அவள் வைத்ததுதான் சட்டம். வகுத்தலில் மட்டும் அவள் சட்டம் செல்லாது.

"சார், வெளையாட்டுப் பீரியட எடுத்துருவாங்களா?"

"யாரு சொன்னது?"

"பெரிய டீச்சர் சொன்னது ரோடு வரைக்கும் கேட்டுச்சி சார்."

பொய் சொல்ல வழியில்லை. "நல்லா செஞ்சு காட்டுனா எடுக்க மாட்டாங்க" என்றேன்.

"எங்க வூட்டு முன்னாடி ஓட எடமே கெடையாது சார். போனதும் ரோட்டுக்குப் போகாதன்னு உள்ள போட்டுப் பூட்டிட்டு வேலைக்குப் போயிருவாங்க. இங்க ஓடுனாத்தான் ஓட்டம்." கொஞ்சம் யோசித்துவிட்டுத் தைரியம் சொன்னாள், எனக்கு. "நீங்க பயப்படாதீங்க சார். நீங்க செய்யற மாதிரியே ஒண்ணு வுடாம செஞ்சுடறோம்."

அந்த வாரம் முழுக்கக் காலையில் சாப்பிட்ட கையோடு பிள்ளைகள் கொடிக்கம்பத்தின் முன்னால் வரிசையில் நிற்பார்கள். தூரத்திலிருந்தே தெரியும். என் பைக் சத்தம் கேட்டதும் கலைந்துவிடுவார்கள். எனக்கு ஆச்சரியம் கொடுக்க நினைக்கிறார்கள் என்று உருகிப்போனேன். கடத்தூர் டீக்கடையில் இன்னொரு பள்ளி ஆசிரியரிடம் பீற்றிக்கொண்டேன்.

"எங்க பசங்க தானாவே பிராக்டிஸ் எடுக்கறாங்க."

"அப்ப நீ என்னா பண்ற?"

"நான் உத்வேகம் குடுக்கறேன்."

அவர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, இன்னொரு போண்டாவை என் பக்கம் தள்ளினார்.

வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்தார். அவருக்கும் எனக்கும் ஒரே அளவுச் சட்டை சரியாக இருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது, மனசுக்குத் தெம்பாக இருந்தது. வாசிப்பைப் பார்த்தார், கணக்கைப் பார்த்தார், வகுத்தலைப் பார்த்தபோது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தலைமையாசிரியை பக்கத்தில் நின்றார். நானும் அவர்களோடு நின்று, முதல்முறையாக என் பயிற்சியை முன்னாலிருந்து பார்க்கத் தயாரானேன்.

சிறுமி கொடிக்கம்பத்தைப் பார்த்து, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். நின்ற விதமே எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பாண்ட்டை மேலே இழுத்துவிடுவதைப் போல இரண்டு கையாலும் இடுப்பை ஒருமுறை தூக்கிவிட்டுக்கொண்டாள். பின்னால் எல்லாரும் தூக்கிவிட்டுக்கொண்டார்கள்.

"ஒன்" என்றாள். எல்லார் வலது கையும் தலைக்கு மேலே நேராக எழுந்தது. இடது கை மட்டும் காது வரை வந்து நின்றுவிட்டது. எனக்கு இடது தோளில் ஒரு பிடிப்பு உண்டு. பள்ளிக்கூடம் முழுக்க இப்போது அந்தப் பிடிப்பு இருந்தது.

"டூ." குனிந்தார்கள். ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கையை முழங்கால் வரை கொண்டுபோய், அங்கேயே இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, தொடையை ஊன்றி நிமிர்ந்தார்கள். நிமிரும்போது மொத்தப் பள்ளியும் ஒரே குரலில், "யப்பா" என்றது.

"த்ரீ." எல்லாரும் முன்னால் நிற்பவரின் தோளைப் பிடித்துக்கொண்டு கால்வாசி உட்கார்ந்து, "போதும்" என்று எழுந்தார்கள். நான் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொள்வது வழக்கம். இருப்பது ஒரு கம்பம், அவர்கள் வேறென்ன செய்வார்கள்.

"ஜம்ப்." ஒருவர் காலும் தரையை விட்டுக் கிளம்பவில்லை. குதிகாலை மட்டும் தூக்கி இறக்கி, வாயால் "ஜம்ப், ஜம்ப்" என்றார்கள். கடைசியில் எல்லாரும் இல்லாத கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்து, இல்லாத வாட்சைப் பார்த்து, பெருமூச்சு விட்டார்கள். ஒன்றாம் வகுப்புப் பொடியன்கள் வரை ஒரு பிசகு இல்லை. அத்தனை ஒழுங்கான பயிற்சியை நான் எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை.

சமையலறை வாசலில் நின்ற சமையல்கார அம்மா, "அச்சு அசலா சாரேதான்" என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போனார். தலைமையாசிரியை வானத்தைப் பார்த்தார். நான் புங்கமரத்தில் ஏதாவது பறவை இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஆபீசர் சிறுமியைக் கூப்பிட்டார். "யாரும்மா இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"எங்க சார்தான் சார்."

"அந்த யப்பா எதுக்கு?"

"அது மூச்சுப் பயிற்சி சார்."

ஆபீசர் என்னைப் பார்க்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. தலைமையாசிரியை தொண்டையைச் செருமிக்கொண்டார். "அய்யா, இந்தப் பீரியட நான் வகுத்தலுக்கு எடுத்துக்கறேன்."

சிறுமியின் முகம் சுருங்கிவிட்டது. "ஒண்ணு கூட வுடாமத்தான செஞ்சோம் டீச்சர்" என்றாள். அவளுக்கு எங்கே பிசகியது என்று உண்மையிலேயே விளங்கவில்லை. எங்கேயும் பிசகவில்லை. நகல் சுத்தமாக இருந்தது, மூலம்தான் அப்படி. இதை வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஆள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றான்.

"பயிற்சி முடிஞ்சதும் என்னா செய்வீங்க?" என்று ஆபீசர் கேட்டார்.

"ஓடுவோம் சார்."

"எங்க, ஓடுங்க பாக்கலாம்."

அதற்குமேல் ஒருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல்லா மண்ணா தொடங்கிவிட்டது. கொஞ்சம் முன்னால் முழங்காலைத் தாண்டிக் குனியாதவர்கள் வில்லாய் வளைந்து கைக்குத் தப்பினார்கள். காலே எழும்பாதவர்கள் இரண்டு படியை ஒரே தாவலில் ஏறினார்கள். சிறுமி மைதானத்தைக் குறுக்காக அறுத்துக்கொண்டு ஓடியபோது ஆபீசர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார்.

"பீரியட் இருக்கட்டும் மேடம்" என்றார். "இந்தப் பயிற்சி மட்டும் வேணாம். சாரும் பசங்களோட சேந்து ஓடட்டும்." பிறகு தன் வயிற்றை ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டு, "நான் சொல்றது நல்லா இல்லதான். இருந்தாலும் சொல்றேன்" என்றார்.

தலைமையாசிரியை அதற்கு ஒரு வரி சேர்த்தார். "ஜன்னல் பக்கமா மேசையத் திருப்பிப் போட்டுக்கறேன் சார். நீங்க ஒக்காந்த அன்னிக்கே வகுத்தல்."

ஆக, பிள்ளைகளின் ஓட்டம் என் காலில் வந்து நின்றது. பத்திரமான இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த புதன்கிழமை மரத்தடியில் நாற்காலி இல்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, செல்போனை மேசை டிராயரில் வைத்துவிட்டு, மைதானத்துக்கு வந்தேன். பிள்ளைகள் தலையோடு தலை சேர்த்து நின்று ரகசியம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேச்சு என்று புரிந்தது. நான் ஆடவில்லையென்றால் பீரியட் போய்விடும். நான் ஆடினால் ஆட்டம் போய்விடும். ஜன்னலில் தலைமையாசிரியையின் கண்ணாடி ஒருமுறை மின்னி மறைந்தது.

"நான் ஒங்க வயசுல அரூர் பஸ்ஸத் தொரத்திப் புடிச்சவன்" என்று ஆரம்பித்தேன். யாரும் திரும்பவில்லை. அந்தப் பஸ் எனக்காக நின்றது என்பதை நான் சொல்லாமலே ஊகித்துவிட்டார்கள் போல.

கூட்டம் முடிந்து சிறுமி என் முன்னால் வந்து நின்றாள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று தெரிந்தது. வேட்டைக்குப் போகிறவனைப் போலச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நான் கேட்டேன்: "என்னைப் புடிச்சுட்டா அடுத்து நான்தான எல்லாரையும் தொரத்தணும்?"

"வேணாம் சார், நீங்க ஒப்புக்குச் சப்பாணி."