வாலில்லாத சொல்லும் கடைசிப் பெட்டி யாசுயோவும்

யாசுயோ எங்கள் ரயிலில் பின்பக்கம் நிற்பவள். ரயில் என்றால் இரண்டே பெட்டி. முன்னால் ஓட்டுநர், கடைசிப் பெட்டியின் கோடியில் கண்ணாடிக்குப் பின்னால் நடத்துநர் யாசுயோ. இருபத்துமூன்று வருடம் அப்படி நின்றிருக்கிறாள். ஓட்டுநருக்கு வரப்போகும் ஊர் தெரியும். இவளுக்குத் தெரிவதெல்லாம் கடந்துபோன ஊர்தான். தண்டவாளம் இரண்டும் தன் காலடியிலிருந்து உருவிக்கொண்டு போய், கடலோர மூடுபனியில் ஒன்றாகிக் கரைவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள். "சம்பளமும் குடுத்து இதையும் காட்டுறாங்களேடி தோமிகோ" என்பாள்.

தோமிகோ நான்தான். ஷியோமுரா கடைசி நிறுத்தம். அதன் நடைமேடையில் நின்றுகொண்டே சாப்பிடும் சோபா நூடுல்ஸ் கடை என்னுடையது. பள்ளிக்கூடத்தில் நானும் அவளும் ஒரே வகுப்பு. அவள் ஜன்னலைப் பார்ப்பாள், நான் அவளுக்கும் சேர்த்து அடி வாங்குவேன்.

ஓர் இலையுதிர் காலத்தில் கம்பெனியிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வெந்நீர் ஊற்றுகளைத் தேடி வெளிநாட்டார் நிறைய வருகிறார்கள். இனி நடத்துநர்கள் இங்கிலீஷிலும் அறிவிப்புச் சொல்ல வேண்டும். அடுத்த வருடக் கடைசியில் பரீட்சை. தேறாதவர்களுக்கு டவுன் ஸ்டேஷனில் தொலைந்த சாமான் அறை. அங்கே நாள் முழுக்கக் குடைகளுக்குச் சீட்டுக் கட்ட வேண்டியதுதான். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

யாசுயோவுக்கு அன்றைக்குச் சோபா இறங்கவில்லை.

அவள் சொல்ல வேண்டியது ஒன்றும் பெரிய பிரசங்கம் இல்லை. இவாகுச்சி நிறுத்தத்தில் நடைமேடை குட்டை. கடைசிப் பெட்டியின் கதவு அங்கே திறக்காது. இறங்குகிறவர்கள் முன் பெட்டிக்கு நகர வேண்டும். 'யூ மஸ்ட் மூவ்'. அவ்வளவுதான். ஆனால் இவள் வாயில் அது 'மஸ்ட் டு மூவ்' என்று வரும், இல்லையென்றால் 'மஸ்ட் மூவிங்' என்று வரும். கேன், ஷுட், எது முன்னால் வந்தாலும் பின்னால் வரும் சொல்லுக்கு ஒரு வாலை ஒட்டிவிடுவாள்.

"புஸ்தகத்துல மொட்டையா மூவ்னுதானே போட்டிருக்கு? கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றேன்.

"தெரியுதுடி. ஆனா டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்கிற ஆளுகிட்ட மொட்டையா எப்படிச் சொல்றது? வாய் கூசுது."

"வெள்ளைக்காரன் கோவிச்சுக்க மாட்டான்."

"அவன் கோவிச்சுக்க மாட்டான். எனக்குல்ல தூக்கம் வராது."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பேச்சில் மரியாதையெல்லாம் வினைச்சொல்லின் வாலில்தான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டுப் பேசுவது புருஷனிடமும் பூனையிடமும்தான். பயணிகளிடம் இருபத்துமூன்று வருடம் குனிந்து பேசிய வாய், ஒரே நாளில் நிமிருமா?

எங்கள் ரயில்காரர்கள் எதையும் சும்மா பார்ப்பதில்லை. வெள்ளைக் கையுறை விரலை நீட்டி, வாய்விட்டுச் சொல்லித்தான் பார்ப்பார்கள். "கதவு, சரி! சிக்னல், சரி!" யாசுயோ இங்கிலீஷையும் அப்படியே பிடித்தாள். ரயில் திரும்பப் பதினான்கு நிமிடம் இருக்கும். சோபா வேகும் நேரத்தில் அட்டைகளை என் கடைப் பலகையில் பரப்பி வைத்து விரலை நீட்டுவாள்.

"மஸ்ட், சரி! மூவ், வால் இல்லை, சரி!"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மீன்சந்தைக்காரர் நக்கலாகச் சொன்னார்: "யாசுயோம்மா, என் கிண்ணத்துல எறா வறுவல் கெடக்கு. அதுக்கும் வால் இருக்கு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அவள் சிரிக்கவே இல்லை. விரலை நீட்டி, "எறா வால், இருக்கு, சரி!" என்றாள். மனிதருக்குப் புரையேறிவிட்டது.

அதிலிருந்து தினமும் ஏதாவது கேட்பார். இவளும் சளைக்காமல் சொல்வாள். ஆனால் அட்டையில் சரியாக வருவது மைக்கைப் பிடித்தால் வராது. ஒரு வருடம் இப்படியே போனது.

இரண்டாம் குளிர்காலத்தின் முதல் பனி விழுந்த அன்று, ரயிலிலிருந்து இறங்கியவள் முகம் வேறு மாதிரி இருந்தது. தொப்பியில் பனி. அதைத் தட்டிவிடக்கூட மறந்து நின்றாள்.

"வந்துருச்சுடி."

"எது?"

"பெட்டி காலி. வெளியே பாத்தா பாதையும் இல்ல, கடலும் இல்ல, வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ள எங்க வீட்டுக்காரர் நடந்து போறாப்ல இருந்துச்சு. அவர்கிட்ட சொல்றாப்ல மைக்கில சொன்னேன். மூவ்னு சொன்னேன். வால் தானா விழுந்துருச்சு."

அவர் இறந்துபோய் ஒன்பது வருடம். எனக்கு அழுகை வந்தது, வெங்காயத்தாள் நறுக்கினேன்.

பரீட்சை நாளில் தலைமை அலுவலகத்து அதிகாரி ரயிலில் உட்கார்ந்து கேட்டார். வெளிநாட்டுத் தம்பதி ஒன்று, இவள் சொல்லி முடித்ததும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்ததாம். முழு மதிப்பெண். அன்றைக்கு அவள் கிண்ணத்தில் இரண்டு முட்டை போட்டேன்.

பிப்ரவரியில் மறுபடி கடிதம். ஏப்ரல் முதல் இந்தப் பாதையில் ஓட்டுநர் மட்டும்தான். அறிவிப்பை இயந்திரம் சொல்லும். தேர்வானவர்களில் மிகத் தெளிவான குரல் யாசுயோவுடையது. அதைப் பதிவு செய்ய டவுனுக்கு வரவும். அதன் பிறகு அவளுக்கு வேலை தொலைந்த சாமான் அறையில். ஆயிரம் நன்றி, அது இது என்று ஒரு பக்கம் மரியாதை வேறு.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது. கடிதத்தை அடுப்பில் போடப் போனேன், பிடுங்கிக்கொண்டாள்.

"கேளுடி. அங்க போய் பழைய வாலை எடுத்து ஒட்டிரு. மஸ்ட் மூவிங்னு சொல்லிட்டு வா. வேற குரல் தேடிப் புடிக்க ஒரு வருஷமாவது ஆகும். அந்த ஒரு வருஷம் நீ கண்ணாடிகிட்ட நிக்கலாம்."

அவள் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "சரி" என்றாள். விரலை நீட்டாமல் அவள் சரி சொன்னது அன்றைக்குத்தான்.

போனாள். மத்தியான ரயிலில் திரும்பி வந்தாள்.

"ஒட்டினியா?"

"நெசமாவே ஒட்டப் பாத்தேன்டி. மூணு தடவை. மூவ்னு வந்ததும் வாய் தன்னால மூடிக்குது. வர மாட்டேங்குது." பலகையைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் நெனச்சேன், எவனாவது புரியாம கடைசிப் பெட்டியிலேயே நின்னுட்டா? கதவு திறக்காதே. அவனுக்குச் சொல்ல நானும் அங்க இருக்க மாட்டேனே."

"போடி பைத்தியக்காரி" என்றேன். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம். சோபா ஊறிக் கொழகொழத்துப் போய்விட்டது.

ஏப்ரல் முதல் தேதி காலை ரயில் வந்து நின்றது. கதவு திறந்ததும் உள்ளேயிருந்த ஒலிபெருக்கியில் யாசுயோ பேசினாள்.

"வந்துட்டியாடி?" என்று நானும் சொல்லிவிட்டேன்.

மீன்சந்தைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.