பதினொரு நொடிகளின் உரிமையாளர்

அம்மாவின் குரல் எனக்கு நினைவில் இல்லை. என் காதுகுத்து ஒளிப்பதிவில் பதினொரு நொடிகள் அவர் பேசுகிறார். என்னிடம் இருந்தது அவ்வளவுதான். அப்போது எனக்கு ஐந்து வயது. மறு ஆண்டு அம்மா இல்லை.

உலு திராம் கோயில் மண்டபத்தில் எடுத்த பதிவு அது. ஆசாரி என் காதருகே குனிகிறார். ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறது. அதன்மேல் மிதந்தபடி அம்மாவின் குரல்: "அழாத, முடிஞ்சிருச்சு. அம்மாவ பாரு." பிறகு கேமராவை நோக்கி, "நீங்க அத வச்சிட்டு வாங்க லா, புள்ள அழுவுது."

கேமராவைக் கீழே வைக்காதவர் அப்பா. வாரநாளில் பாசிர் கூடாங் தொழிற்சாலை, வார இறுதியில் கல்யாண வீடியோ என்று ஓடியவர். வீடியோக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தொகுத்து முடித்ததும் அதே கேசட்டில் அடுத்த கல்யாணத்தை எடுப்பார்கள். என் அழுகையின்மேல் யாருடைய தாலிகட்டோ ஏறிவிட்டது. தொகுத்ததைப் பதிந்த சிடியிலும் பூஞ்சை பிடித்தது. மிஞ்சியது, ஒரு சிறிய காணொளித் தளத்தில் அப்பா ஏற்றிவைத்திருந்த பிரதி மட்டும்.

சென்ற ஆண்டு அந்தத் தளத்தை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. பழைய உரிமையாளர்கள் பாட்டுகளைக் கண்டுகொண்டதில்லை. புதியவர்கள் பாட்டுரிமை வழக்குக்கு அஞ்சினார்கள். இசை நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, வாங்கிய காணொளிகள் அனைத்தையும் பாட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குள் அனுப்பினார்கள். பாட்டு இருந்த இடமெல்லாம் ஒலி அடைபட்டது.

மாசாய் வீட்டில், மழை பெய்த ஒரு பிற்பகலில் அதைக் கண்டேன். நீருக்கடியில் இருப்பவரைப்போல அம்மா வாயசைத்தார். ஆசாரி, என் அழுகை, மண்டபத்து மின்விசிறி எல்லாம் அசைந்தன, எதிலும் ஒலியில்லை. தரவிறக்கிப் பார்த்தேன். அதுவும் ஊமையாகவே வந்தது. அதன்பின் சில நாட்கள், விழித்திருக்கும்போதே அந்த மண்டபம் என்னைச் சுற்றி மெல்ல நிரம்புவதும் வடிவதுமாக இருந்தது. பேருந்தில், நூலகத்தில், அரிசி களையும்போது.

இசை நிறுவனத்துக்கு ஆட்சேபம் தெரிவிக்க ஒரு படிவம் இருந்தது. 'இதிலுள்ள ஒலி முழுவதும் உங்களுடையதா?' என்பது முதல் கேள்வி.

"ஆமான்னு போடு லா," என்றார் அப்பா.

"பாட்டு நம்மளோடது இல்லையேப்பா."

"பாட்டுக்காரன் ரெண்டாயிரம் மைலுக்கு அங்கிட்டு இருக்கான். மண்டபத்துக்கு வந்து பாத்தானா?"

"பொய்யின்னு தெரிஞ்சா கணக்கையே மூடிடுவாங்க. படமும் போயிடும்."

அப்பா விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். "படிச்ச புள்ள. நீயே எழுது," என்றார்.

'இல்லை' என்று குறித்தேன். கீழே எழுதினேன்: பாடல் உங்களுடையது, கோயிலின் ஒலிபெருக்கியில் அது ஒலித்துக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் ஒரு பெண் தன் குழந்தையைத் தேற்றுகிறார். அந்தக் குரல் உங்களுடையது அன்று. இரண்டையும் பிரிக்க எங்களிடம் வழியில்லை. உங்கள் பாடலோடு சேர்த்தேனும் அவரைத் திருப்பித் தாருங்கள்.

மூன்று வாரங்களில் பதில் வந்தது. ஒலி விடுவிக்கப்படும், காணொளிக்கு முன் விளம்பரம் வரும், அதன் வருவாய் பாடலின் உரிமையாளருக்குச் சேரும். என் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஞாயிறு காலை இருவரும் அமர்ந்தோம். முதலில் ஒரு ஷாம்பு விளம்பரம். யாரோ நெடுங்கூந்தலை உதறினார். அப்பா கைகட்டிக் காத்திருந்தார். பிறகு பாட்டு, பாட்டின்மேல் அம்மா. அறை முழுவதும் இளவெயிலாகி, நான் எந்த வயதில் இருக்கிறேன் என்பது சற்றுநேரம் தெரியவில்லை.

ஓடி முடிந்ததும், அம்மாவின் முகத்துக்குக் கீழே இருந்த சிறிய வரியை அப்பா படித்தார். ஒலி உரிமையாளர் என்று அந்த இசை நிறுவனத்தின் பெயர் இருந்தது.

"அவன் பேரப் போட்டுக்கிட்டான்," என்றார். "உங்கம்மா பேரு எங்க?"

காணொளிக்குக் கீழே விளக்கம் எழுதும் கட்டம் இத்தனை ஆண்டுகளாக வெறுமையாகவே கிடந்திருக்கிறது. 'பேசுபவர்' என்று தட்டச்சுசெய்து, அம்மாவின் முழுப்பெயரை எழுதினேன். அப்பா ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, சேமிக்கும் பொத்தானைத் தாமே அழுத்தினார்.