மாமி பாடாத பெரிய வெள்ளி

விபூதிப் புதன் பின்னேரம். நெற்றியில் சுவாமி கீறிவிட்ட சாம்பல் சிலுவை இன்னும் அழியவில்லை. மாமி மீனும் இறைச்சியும் சமைக்கும் மச்சச் சட்டிகளைத் தேய்த்துக் கழுவிக் குசினிப் பரணில் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையோடு வந்து தன் சகோதரர்கள் இருவரையும் மாதா சுரூபத்துக்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்துகிறார். என் தகப்பனான ஐயா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வருகிறார். சித்தப்பா கையில் பத்திரிகையோடு வருகிறார். மாமி அதை வாங்கிக் கதிரைக்குக் கீழே தள்ளிவிடுகிறார். உயிர்த்த ஞாயிறு வரும்வரை அரசியல் கதைப்பதில்லை என்று இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அன்றைய ஒரு நேரக் கஞ்சி. ஊரில் மற்ற ஆண்கள் அந்த நாற்பது நாள் தபசு காலத்துக்கு இறைச்சியை விட்டார்கள், சுருட்டை விட்டார்கள், கள்ளை விட்டார்கள். எங்கள் வீட்டு ஆண்கள் அரசியலை விட்டார்கள். "மச்சத்தை விட்டிட்டு ஆளையாள் தின்னுற தபசு இந்த வீட்டிலை வேண்டாம்" என்பது மாமியின் சட்டம். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். ஒரு வருடம் அந்தச் சட்டத்தை நினைத்து என் வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

எங்கள் ஊர் செட்டிகுளத்துக்குக் கிட்ட. ஒரு குளம், அதன் கீழ் வயல், வயல் முடியும் இடத்தில் சின்னக் கோயில். அந்தக் கோயிலுக்கு ஐயா மூப்பர். மணி அடிப்பது யார், தேர் தூக்குவது யார், பெரிய வெள்ளிக்குப் பாடுவது யார் என்றெல்லாம் தீர்மானிப்பவர் அவர்தான். பூசை வைக்கும் சுவாமி மாதத்தில் சில நாள் மட்டும் வருவார். சித்தப்பா அரசாங்க அலுவலகமான வவுனியாக் கச்சேரியில் கிளாக்கர். சனிக்கிழமைகளில் வெள்ளைக் காற்சட்டையோடு சைக்கிளில் வந்து இறங்குவார். இருவருக்கும் நடுவே பிறந்தவர் மாமி. கலியாணம் முடித்து அதிக காலம் ஆகுமுன் புருசனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர். பிள்ளையில்லை. அவரிடம் இருந்தது குரல். பெரிய வெள்ளி பின்னேரம், மகனைச் சிலுவையில் கண்டு மாதா புலம்பும் வியாகுலப் பாட்டை அவர் எடுக்கும்போது வயதான ஆண்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு மூக்கைச் சிந்துவார்கள். அயலூர்களிலிருந்து வண்டில் கட்டி வந்து கேட்பார்கள். அந்தப் பாட்டில் பாதி எனக்கும் மனப்பாடம். குசினியில் அவர் பக்கத்தில் இருந்து தேங்காய் துருவித் துருவிப் படித்தது.

ஐயாவும் சித்தப்பாவும் சண்டைபிடித்தது மொழியைப் பற்றி. சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த நாளிலிருந்து அந்தக் கதை எங்கள் வீட்டில் ஓயவில்லை. அரசாங்க வேலையில் இருப்பவர்கள் சிங்களச் சோதனை எழுதிப் பாஸ் பண்ண வேண்டும் என்றும் வந்தது. ஐயாவின் பக்கத்திலும் நியாயம் இருந்ததாகவே நான் அப்போது நினைத்தேன். மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்கள் வருடா வருடம் எங்கள் குளக்கட்டில்தான் வண்டில் அவிழ்ப்பார்கள். ஐயா அவர்களுக்கு விறகு கொடுப்பார், தண்ணீர் கொடுப்பார், பாதிச் சிங்களம் பாதிச் சைகையில் விடியுமட்டும் கதைப்பார். "ஒரு பாஷை படிச்சால் தலையே போகும்?" என்று கேட்பார். சித்தப்பா கதிரையை விட்டு எழும்பிவிடுவார். "படிக்கிறது வேறை, படிக்க வைக்கிறது வேறை, அண்ணை. நான் உயிர் போனாலும் அந்தச் சோதனை எழுதமாட்டன். தெருவிலை இறங்குவன்" என்பார். அந்தப் பேச்சில் எனக்கு மயிர் கூச்செறியும். கலியாணம் பேசத் தொடங்கியிருந்த வயது எனக்கு. மாப்பிள்ளை என்றால் சித்தப்பாவைப் போல ஒருவர் வரவேண்டும் என்று மாதாவிடம் கேட்டிருக்கிறேன்.

மாமி இந்தச் சண்டையில் ஒரு பக்கமும் சேர்ந்ததில்லை. காணி விசாரணை நடந்த நாள்வரை. புருசன் வெட்டித் திருத்திய மேட்டுக்காணியைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி அவர் கேட்டிருந்தார். பள்ளிக்கூடத்துப் புளியமரத்தின் கீழ் மேசை போட்டு விசாரணை. வந்திருந்த உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்கும் ஆள் அன்று வரவில்லை. அவர் ஏதோ கேட்டார். மாமிக்கு விளங்கவில்லை. திரும்பவும் கேட்டார், சத்தமாக. மாமி தமிழில் சொன்னார். அந்த மனிதர் கையை அசைத்து அவரை ஒதுங்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஊருக்கே பாடிய பெண் ஊருக்கு முன்னால் ஊமையாக நின்றார். நானும் அங்கே நின்றேன். வீட்டுக்கு வந்து படலையைத் திறக்கும்போது மாமி, "என்ர காணிக்கதையை என்ர வாயாலை சொல்ல ஏலாமல் போச்சு, பிள்ளை" என்றார்.

அடுத்த தபசு காலத்தில்தான் மொழிச் சட்டத்தை எதிர்த்துக் கச்சேரிகளின் முன்னால் சத்தியாக்கிரகம் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் தொடங்கி வவுனியாவுக்கும் வந்துவிட்டது என்று பஸ்சில் வந்தவர்கள் சொன்னார்கள். ஆணும் பெண்ணும் வாசலை மறித்துத் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்களாம். எங்கள் வீட்டிலோ ஒரு பேச்சும் இல்லை. சுரூபத்துக்கு முன்னால் கொடுத்த வாக்கு. ஐயா குளத்தைப் பற்றிக் கதைத்தார். சனிக்கிழமை வந்த சித்தப்பா மாட்டைப் பற்றிக் கதைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாக்கை மீறி இப்போது சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று. அவர் புட்டைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் நித்திரையானார். மாமியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் அவரே கேட்டார்: "தம்பி, நீ போய் இருக்கேல்லையே?" சித்தப்பா கண்ணைத் திறக்காமல், "தபசு காலத்திலை இந்தக் கதை வேண்டாமெண்டு நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள்" என்றார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை மாமி விடியற்காலை பஸ்சுக்குப் புறப்பட்டார். ஒருசந்தி விரத நாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எங்கே என்று ஐயா கேட்டார். "சிலுவைப்பாதைக்கு" என்றார். துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். கச்சேரி வாசலில் பெண்கள் ஒரு பக்கமாக இருந்தார்கள். நிலம் அடுப்புப் போலக் கொதித்தது. மாமி சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு அவர்களோடு போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த திருநீறு பூசிய அம்மா தேவாரம் படித்துக் களைத்துப்போய், "நீங்கள் விரதத்துக்கு என்ன படிப்பியள்?" என்று கேட்டார். மாமி அந்தத் தெருவில், அந்த வெயிலில், வியாகுலப் பாட்டை எடுத்தார். நான் கோயிலுக்குள் கேட்ட குரல் அல்ல அது. சுவர் இல்லை, கூரை இல்லை, குரல் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் வாளி கொண்டுவந்த முஸ்லிம் கடைக்காரர் வாளியை வைக்கவும் மறந்து நின்றார். காவலுக்கு நின்ற பொலிஸ்காரன் ஒருவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

அப்போதுதான் நான் சித்தப்பாவைக் கண்டேன். கச்சேரி வளவின் பின்பக்க வேலியில் ஒரு பொட்டு, ஆள் குனிந்து புகக்கூடிய ஓட்டை. அதற்குள்ளால் வெள்ளைக் காற்சட்டை கம்பியில் மாட்டாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து, கந்தோருக்குள் நுழைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தபோது பாட்டைக் கேட்டார். திரும்பிப் பார்த்தார். அக்காவைக் கண்டார். மாமியும் அவரைக் கண்டார். குரல் ஒரு இடத்தில் தாழ்ந்து மறுபடி எழும்பியது, அவ்வளவுதான். சித்தப்பா உள்ளே போய்விட்டார்.

வீட்டில் வாய்ச்சண்டை பிடித்த மனிதர் பொட்டுக்குள்ளால் வேலைக்குப் போனார். வாயை மூடச் சொன்ன பெண் தெருவில் இருந்தார். வேலை போய்விடும் என்று சித்தப்பா பயந்திருப்பார், பிள்ளைகுட்டிக்காரர் என்று பின்னாளில் பலர் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். பயத்தை நான் மன்னிப்பேன். பயந்தவர் தபசைத் தூக்கி முன்னால் பிடித்துக்கொண்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மாமி அதன்பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளிலும் போனார். ஊரில் கதை பரவியது. குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில், எல்லோரும் நிற்க, ஐயா சொன்னார்: "தபசு காலத்திலை தெருவிலை குந்தியிருந்தவள் பெரிய வெள்ளிக்குப் பாட ஏலாது. வேறை ஆள் பாடட்டும்." சொந்தத் தங்கை. ஒரே கூரையின் கீழ் இருப்பவர். வீட்டில் சொல்லாமல் வாசலில் வைத்துச் சொன்னார்.

மாமி குருத்தோலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "ஆண்டவரும் தெருவாலைதானே சிலுவை சுமந்து போனவர், அண்ணை" என்றார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் பாட்டுக்கு அழுத ஆண்கள், நெல் கடன் கேட்டுவந்து அவர் கையால் அளந்து வாங்கிய பெண்கள், ஒருவரும். சுவாமியிடம் நான் தனியாகப் போய்ச் சொன்னேன். ஊர் விசயத்தை ஊர் பார்க்கட்டும் என்றார் அவர். சித்தப்பா அன்று வந்திருந்தார். கோயில் மதிலோடு சாய்ந்து நின்று தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு ஆள் என்று ஐயா சொன்னது என்னைத்தான். அந்தக் கிழமை முழுவதும் அம்மாவை விட்டுச் சொல்லுவித்தார். நான் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. பெரிய வெள்ளி பின்னேரம் கோயில் நிறைந்திருந்தது. பீடத்தில் விரிப்பு இல்லை, பூ இல்லை. மாமி பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் முழந்தாளில் இருந்தார். ஐயா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் முன்னே போய் நின்றேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். சனம் காத்திருந்தது. ஒரு குழந்தை சிணுங்கியது. ஐயா திரும்பவும் தலையசைத்தார். நான் அவர் கண்ணை நேரே பார்த்தேன். கடைசியில் அவரே, கரகரத்த குரலில், இடையிடையே அடி மறந்து, அந்தப் பாட்டை இழுத்துக்கொண்டு போனார். அவரோடு சேர்ந்து பாட ஒருவருக்கும் வரவில்லை. எனக்கு அது ஒரு வெற்றியாக இருந்தது.

மாமி என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று எதிர்பார்த்து வீட்டுக்கு ஓடினேன். அவர் கிணற்றடியில் நின்றார். முகம் கறுத்திருந்தது. "பாட்டு உன்ர கொப்பருக்கே? ஆண்டவருக்கு. என்ர கோபத்துக்கு நீ ஏன் ஆண்டவரைப் பட்டினி போட்டனீ?" என்று கேட்டார். என் கோபம் என்னுடையது மாமி, உங்களுடையது அல்ல என்று சொல்ல நினைத்தேன். வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினேன். ஆனால் அதுதான் உண்மை.

உயிர்த்த ஞாயிறு கழிந்து கொஞ்ச நாளில் இராணுவம் வந்து சத்தியாக்கிரகத்தைக் கலைத்துவிட்டது. தெருவில் இருந்தவர்கள் வீடுகளுக்குப் போனார்கள். மாமி மட்டும் எங்கள் வீட்டுக்குத் திரும்ப விரும்பவில்லை. தன் மேட்டுக்காணியில் மண்சுவர் வைத்து ஓலை வேய்ந்து ஒரு கொட்டில் போட்டு அங்கே குடிபோனார். காணியை அவர் பெயருக்கு மாற்றும் அனுமதி கடைசிவரை கிடைக்கவில்லை. அங்கிருந்து அவரை எழுப்பவும் ஒருவரும் வரவில்லை. பூசைக்குத் தவறாமல் வருவார். பாடமாட்டார். ஐயா சில வருடம் பொறுத்துப் பார்த்தார். அயலூர் வண்டில்கள் பெரிய வெள்ளிக்கு வருவது நின்றுபோனது. பிறகு ஒரு தபசு காலத்தில் கொட்டில் வாசலுக்குப் போய், வெற்றிலைத் தட்டத்தைக்கூடத் தொடாமல் நின்றுகொண்டே, இந்த முறை நீ பாடு என்று கேட்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன், வருமா என்று கவனித்துக் கேட்டேன். மாமி அமைதியாகச் சொன்னார்: "நீங்கள் தபசு முடியுமட்டும் ஒண்டை விடுவியள். நான் ஒரேயடியா விட்டிட்டன், அண்ணை."

சித்தப்பா அந்தச் சோதனையை எழுதினார். பாஸ் பண்ணினார். அதையும் நான் குற்றம் என்று சொல்லமாட்டேன், எத்தனையோ பேர் அடுப்பெரிய வேண்டும் என்று எழுதினார்கள். ஆனால் காலம் கொஞ்சம் தணிந்ததும் கலியாண வீடுகளில், பெருநாள் பந்திகளில் அவர் ஒரு கதை சொல்லத் தொடங்கினார். "எங்கட அக்கா கச்சேரி வாசலிலை இருந்தவ. எங்கட குடும்பம் அப்பிடி." கேட்டவர்கள் அவரைத்தான் மரியாதையாகப் பார்த்தார்கள். எங்கட குடும்பம். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் நான் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன். கையில் இருந்த பாத்திரத்தை எறிந்துவிடுவேனோ என்ற பயம்.

அறுபதுகள் முடிகிற காலத்தில் மாமி செத்துப்போனார். தபசு காலம் அல்ல, மாரி தொடங்கியிருந்தது. சேமக்காலையில் பெட்டியைக் குழியருகே வைத்ததும் சுவாமி செபம் சொன்னார். புதிய சுவாமி, பழைய கதை ஒன்றும் அறியாதவர். செபம் முடிய, சித்தப்பா முன்னுக்கு வந்து, குடையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கினார். அக்கா எங்களுக்குத் துணிவைக் கற்றுத் தந்தவ என்றார். தெருவில் இறங்கிய குடும்பம் என்றார். நாங்கள் என்றார்.

அந்த "நாங்கள்" வந்த இடத்தில் நான் பாடத் தொடங்கினேன்.

யோசித்துச் செய்யவில்லை. குழியின் தலைமாட்டில் நின்று, வியாகுலப் பாட்டின் முதல் அடியை, அவர் எடுக்கும் அதே உயரத்தில் எடுத்தேன். சித்தப்பா இரண்டு வசனம் என் குரலுக்கு மேலால் பேசிப் பார்த்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். ஐயா கம்பை ஊன்றியபடி நின்றார். மூன்றாம் அடியில் அவருடைய கரகரத்த குரலும் வந்து சேர்ந்தது. அழுதுகொண்டே பாடினார். அதைக் கண்டு எனக்கு மனம் இளகியது என்று எழுதினால் பொய். வாசலில் அன்று ஒரு சொல் போதுமாக இருந்தது, இப்போது இந்தக் கண்ணீர் யாருக்கு என்றுதான் நினைத்தேன். முழுப்பாட்டையும் பாடினேன். ஒரு அடியும் மறக்கவில்லை. பக்தியால் பாடவில்லை, துக்கத்தாலும் அல்ல. கோபத்தால் பாடினேன். மாமி கேட்டிருந்தால் ஏசியிருப்பார்.

மண் போட்டு முடிந்து சனம் கலையும்போது சித்தப்பா என்னிடம் வந்தார். முகத்தில் கோபமில்லை, ஒரு வகையான மனத்தாங்கல்.

"என்ர பேச்சை முடிக்க விட்டிருக்கலாம், பிள்ளை."

"நீங்கள் அந்த வேலிப் பொட்டிலை இருந்து தொடங்கியிருந்தால் முடிக்க விட்டிருப்பன், சித்தப்பா."

அவர் குடையை வாங்கி விரித்தார். மழை விட்டிருந்தது. விரித்த குடையோடு அப்படியே, எல்லோருக்கும் முன்னால், சேமக்காலைப் படலையைத் தாண்டிப் போனார்.