இரண்டு மணி அடித்தால் நலம்

லீட்ஸ் நகரத்து அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரம், டேவிட் என்பவரைப் பார்க்கப் போய், அவருடைய கோட்டுக்குப் பக்கத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி முதுகில் கோட்டு தொங்கினால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தமாம். கடைசியில் எதிர்மேசை மார்கரெட் அம்மாள் இரக்கப்பட்டு, "அவர் அப்போதே வீட்டுக்குப் போய்விட்டார். கோட்டுதான் வேலை பார்க்கிறது" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் இடம் பிடித்து வளர்ந்தவன் நான்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் வேலையும் ஏறக்குறைய கோட்டைப் பார்ப்பதாகத்தான் இருந்தது. புது மென்பொருளை ஓரிடத்திலிருந்தே முந்நூறு கம்ப்யூட்டர்களுக்கு அனுப்ப வேண்டும். அது ஏறிவிட்டதா என்று சர்வரே பார்த்துக்கொள்ளும். குறிப்பிட்ட பெயரில் ஒரு ஃபைல் இருந்தால் 'ஏறிவிட்டது' என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடும். அந்த விதியை எழுதியவன் நான். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு திங்கட்கிழமை காலை மார்கரெட் போன் செய்து, புது மென்பொருள் தன்னிடம் இல்லை என்றார். என் திரையில் 'ஏறிவிட்டது' என்று இருந்தது.

"இருக்கிறது, மேடம்."

"இல்லை, லவ்."

அந்த ஊரில் காய்கறிக் கடைக்காரர்கூட எல்லோரையும் லவ் என்றுதான் கூப்பிடுவார். அது தெரியாமல் முதலில் நான் வெலவெலத்துப் போயிருக்கிறேன். செத்த நேரம் மல்லுக்கட்டிய பிறகு மார்கரெட் கேட்டார்: "நீ எதைப் பார்த்துச் சொல்கிறாய்? என் கம்ப்யூட்டரையா, உன் பட்டியலையா?"

மாடியேறிப் போய்ப் பார்த்தேன். பழைய பதிப்பை நீக்கியபோது ஒரு ஃபைல் மட்டும் போகாமல் தங்கியிருந்தது. புதியதிலும் அதே பெயர். அதைப் பார்த்து ஏமாந்த சர்வர் புதியதை அனுப்பவே இல்லை. பெயரோடு பதிப்பு எண்ணையும் சேர்த்துப் பார்க்கும்படி விதியை மாற்றினேன். இன்னும் இருபது கம்ப்யூட்டர்கள் 'இல்லை' என்று உண்மையைச் சொல்லின. அப்போதுதான் எனக்கு அப்பாவின் நினைவு வந்துவிட்டது.

அப்பா மில் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ராஜபாளையத்தில் தனியாக இருந்தார். மில் சத்தத்தில் காது மந்தமாகி, போனில் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் நான் கிளம்பும்போது ஒரு ஏற்பாடு செய்தேன். தினமும் காலை ஏழு மணிக்கு அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டுக்குப் போன் போட்டு, இரண்டு மணி அடித்ததும் வைத்துவிட வேண்டும். இரண்டு மணி என்றால் நலம். ஞாயிறுதோறும் நான் அக்காவிடம் கேட்டுக்கொள்வேன். கடல் தாண்டி வந்த நம்மில் பலரும் இப்படி ஏதாவது ஓர் அடையாளத்தை நம்பித்தான் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"அப்பா நல்லா இருக்காகளா?"

"இன்னைக்கும் ரெண்டு மணி அடிச்சுச்சுலே."

"நேர்ல எப்பப் பாத்த?"

"பிள்ளைக்கு அம்மை போட்டு நேத்துத்தான தலைக்குத் தண்ணி ஊத்துனேன். மூணு வாரமாப் போகல."

"மணி அடிச்சது அப்பாதான்னு எப்படித் தெரியும்?"

அக்கா, "இரு, இப்பவே பஸ் ஏறுதேன்" என்றாள்.

இரண்டு மணி நேரம் கழித்து அப்பா வீட்டுக்குப் போன் போட்டேன். அக்கா எடுத்து அழுதாள். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து, மாவுக்கட்டோடு பதினெட்டு நாளாகக் கட்டிலில் கிடந்திருக்கிறார். மணி அடித்தவர் பக்கத்து வீட்டு வெங்கடசாமி மாமா. அப்பாவோடு மில்லில் வேலை பார்த்தவர். அப்பா கேட்டுக்கொண்டபடி, தினமும் இட்லி கொண்டுவரும்போது கடிகாரத்தைப் பார்த்து, சரியாக ஏழுக்கு அடித்திருக்கிறார். ஒருநாள்கூடத் தவறவில்லை. அந்த மனிதரை நான் எப்படித் திட்டுவேன்? அக்காவுக்குப் பின்னால் அப்பாவின் குரல் கேட்டது: "அம்புட்டுத் தூரத்துல கெடக்கான், பதறுவான்னுதான் சொல்லல."

விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடினேன். போன அவசரத்தில் கோட்டை அலுவலக நாற்காலியிலேயே விட்டுவிட்டேன். வீட்டில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் என் நாற்காலி கிடந்தது. அதன்மேல் என் பழைய துண்டு.

"துண்டு போட்டு வச்சிருக்கேன்லே. யாரையும் உக்கார விடல" என்றார் அப்பா.

துண்டை மடியில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் அதில் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும் நாளில் அதைப் பெட்டிக்குள் வைக்கப் போனபோது, அப்பா கட்டிலிலிருந்தே கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன். நான் வாசல் தாண்டும் முன்பே அதை உதறி, நாற்காலியில் போட்டுவிட்டார்.