கழுத்திலிருந்து ஏறிய காது

அன்று சிறுவாச்சூரில் மகள் வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. மூன்று மாதம் முழுகாமல் இருந்த என் மகள். மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் அக்கா. வயிற்றில் இருப்பதையும் சேர்த்து எண்ணுங்கள் என்றார் அந்த அக்கா.

மாப்பிள்ளைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்துப் பார்ப்பார்கள். பிறகு இறங்கி வந்து தோளைத் தொடுவார்கள். வேலையில் குறை சொன்னவர் இல்லை. என் மகள் பார்த்துப் பிடித்துத்தான் கட்டிக்கொண்டாள்.

அவருடைய அப்பாவுக்கும் காது கேட்காமல்தான் இருந்தது. பிள்ளைக்கும் அப்படி ஆகிவிடுமோ என்பதுதான் எல்லார் மனதிலும். அக்காதான் பேச்சை எடுத்தார்.

"ஏன் மாமா, நீங்க தினம் பாக்குற ஆளு. மூணு மாசத்துல புள்ளைக்குக் காது வந்துருக்குமா?"

நான் அரியலூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் துப்புரவு வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் இருபது வருடம் சுண்ணாம்புக்கல் சுரங்கம். கல்லூரியில் ஒரு கூடம் இருக்கிறது. பிறக்காமல் போன பிள்ளைகளைக் கண்ணாடிச் சாடியில் மருந்துத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள், டாக்டருக்குப் படிக்கிற மாணவர்கள் பார்ப்பதற்கு. பயறு அளவில் தொடங்கி முழுப் பிள்ளை வரை வரிசையாக இருக்கும். சின்னச் சாடிகளுக்கு முன்னால் பூதக்கண்ணாடி நிறுத்தியிருப்பார்கள். அவற்றைத் துடைப்பது என் வேலை. நான் படித்தது அஞ்சாவது. சாடிச் சீட்டில் எழுத்து இங்கிலீஷ். எண் மட்டும் தெரியும்.

"வந்துருக்கும்மா. ஆனா கழுத்துல இருக்கும்" என்றேன்.

"கழுத்துலயா?"

"ஆமா. கண்ணும் பக்கத்துக்கு ஒண்ணாத்தான் இருக்கும். மீனு மாதிரி."

பார்த்ததைச் சொன்னேன். வேறு நினைப்பு இல்லை.

"கழுத்துல காது இருந்தா தோட்ட எங்க மாமா மாட்டுறது?" என்று அக்கா சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்தார். அக்கா கையால் சொன்னார். காதைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார், உள்ளே படுத்திருந்த மகளின் வயிற்றைக் காட்டினார். மாப்பிள்ளை முகம் செத்துப்போனது.

ஊர் திரும்பும் பஸ்ஸில் மனைவி சொன்னாள். "இருவது வருசம் கல்லு ஒடச்ச ஆளு. வாயத் தொறந்தா கல்லுதான் வந்து வுழுது."

மறுநாள் அக்கா போன் செய்தார். மகள் இரண்டு வேளையாகச் சாப்பிடவில்லை என்றார்.

அன்று கூடத்தைப் பெருக்கிவிட்டு, மூன்றாவது சாடியின் முன்னால் நின்றேன். காது கழுத்தில்தான் இருந்தது. பாடம் எடுக்கும் மேடம் வந்தார்கள். சின்ன வயசு.

"மேடம், இதுக்குக் காது ஏன் கழுத்துல இருக்கு?"

"எட்டு வருசமா தொடைக்கிறீங்க. இன்னிக்குத்தான் கேக்கத் தோணுச்சா?"

"இன்னிக்குத்தாங்க தேவப்பட்டுச்சு."

விஷயத்தைச் சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை. "அண்ணே, சீட்டுல மூணுன்னு இருக்குறது மாசம் இல்ல. சாடி நம்பர். இது ஆறு வாரத்துப் புள்ள" என்றார்கள்.

எட்டு வருடமாக நான் அதை மூன்றாம் மாதம் என்றே துடைத்திருக்கிறேன்.

மேடம் முதல் சாடியிலிருந்து தொடங்கினார்கள். கண் முதலில் கண்ணாகவே இல்லை. மூளையிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக மொட்டு தள்ளுகிறது. அது வளர்ந்து வந்து தோலைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் தோல் குழிகிறது, உருண்டு மூடிக்கொள்கிறது, தெளிந்து கண்ணுக்குள் இருக்கும் கண்ணாடி ஆகிறது.

"தொடலைன்னா?"

"தொடலைன்னா கண்ணாடி உருவாகாது."

உள்ளே விளக்கு கிடையாது. பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. ஆனாலும் மொட்டு சரியான இடத்துக்குப் போய்த் தொடுகிறது. நான் துடைக்கிற துணியைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

வெளிக்காது பாசிமணி போல ஆறு உருண்டையாக வருகிறது. ஒரு பிளவுக்கு அந்தப் பக்கம் மூன்று, இந்தப் பக்கம் மூன்று. எல்லாம் கழுத்துப் பக்கம். ஆறும் ஒன்றோடொன்று சேர்ந்து காது மடல் ஆகிறது. தாடை கீழே வளர வளரக் காது மேலே போகிறது. பூதக்கண்ணாடியில் ஆறையும் எண்ணினேன். இருந்தது.

உள்காது வேறு. தலையின் பக்கத்தில் ஒரு புள்ளி குழிந்து, மூடி, சின்னப் பை ஆகிறது. அந்தப் பை நீண்டு சுருண்டு, நத்தை மாதிரி இரண்டரைச் சுற்று சுற்றிக்கொள்கிறது. மேடம் படத்தில் காட்டினார்கள். எனக்கு அந்த உருவம் தெரியும். சுரங்கத்தில் வெடி வைத்தால் சில பாறைக்குள் சுருள் கல் கிடக்கும். நத்தைக்கல் என்போம். இங்கே கடல் இருந்தபோது உயிரோடு இருந்தது என்று ஒரு ஆபீசர் சொல்லியிருக்கிறார். வண்டிச் சக்கரம் போல ஒன்றை நான்கு பேர் சேர்ந்து புரட்டியிருக்கிறோம். அதே சுருள் இங்கே பட்டாணிக்குள் அடங்கும் அளவில் இருக்கிறது.

"மூணு மாசம்னா காது எங்கங்க இருக்கும்?"

ஐந்தாவது சாடிக்குக் கூட்டிப்போனார்கள். காது ஏறியிருந்தது. கண் முன்னால் வந்திருந்தது. இமை மூடி ஒட்டியிருந்தது. ஏழாம் மாதம் போலத்தான் திறக்கும் என்றார்கள்.

"இதுக்குக் கேக்குமாங்க?"

"உருவம் தெரியும்ணே. கேக்குறது தெரியாது. பொறந்தப்புறம் மெஷின் வெச்சுப் பாப்பாங்க. ஏழு மாசம் ஆனா பெரிய சத்தத்துக்குத் துள்ளும். துள்ளலைன்னாலும் பயப்படாதீங்க. தூங்கிட்டிருக்கும்."

வேலை முடிந்ததும் பெரம்பலூர் பஸ் ஏறி, அங்கிருந்து சிறுவாச்சூர் போனேன். மகளை உட்கார வைத்தேன். மாப்பிள்ளையை எதிரில் உட்காரச் சொன்னேன். எனக்கு அவர் கைப்பாஷை சரியாக வராது. இரண்டு கையையும் கழுத்தில் வைத்தேன். மெதுவாகக் காது வரை ஏற்றினேன். பிறகு இரண்டு பக்க நெற்றிப்பொட்டிலும் விரலை வைத்து, முன்னால் கண்ணுக்குக் கொண்டுவந்தேன். மாப்பிள்ளைக்குத்தான் முதலில் புரிந்தது. அவர் அதையே மகளுக்குச் செய்து காட்டினார், என்னைவிட நன்றாக.

"இப்ப மேல வந்துருச்சாப்பா?"

"வந்துருச்சு. நாந்தான் நம்பரத் தப்பாப் பாத்துட்டேன்."

"ரெண்டு நாளா கழுத்தத் தடவிக்கிட்டே கெடந்தேன். இருங்க, சோறு போடுறேன்" என்றாள். அவளும் தட்டு வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை தன் காதைத் தொட்டு, இல்லை என்று கை அசைத்து, வயிற்றைக் காட்டி என்னைப் பார்த்தார். தெரியாது என்று கையை விரித்தேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. வந்த பெண்கள் வளையல் அடுக்கிக் கையைக் குலுக்கினார்கள். "புள்ள நல்லாக் கேக்கட்டும்டி" என்று ஒரு அம்மா சொன்னதும் மகள் கண் கலங்கியது. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டார். விருந்தாளிகள் போனதும் என் தோளைத் தொட்டு, மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.

பெரிய சத்தத்துக்குப் பிள்ளை துள்ளும் என்று மேடம் சொன்னதை அக்காவைக் கையால் சொல்ல வைத்து, வரிசைத் தாம்பாளத்தையும் ஒரு கரண்டியையும் எடுத்தேன். மகள் கண்ணை மூடிப் படுத்தாள். மாப்பிள்ளை எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். டயரைத் தடவியே ஆணி இருக்கும் இடத்தைச் சொல்கிற கை. பிள்ளை துள்ளினால் மற்றக் கையில் விரலைத் தூக்க வேண்டும். நான் அடிப்பது அவருக்குக் கேட்காது. அதனால் ஆசைக்காகக்கூட அவரால் தப்பாகத் தூக்க முடியாது.

"பாத்துங்க, புள்ள பயந்துரும்" என்றாள் மனைவி.

"அடிங்க மாமா, அது எங்க வூட்டுப் புள்ள" என்றார் அக்கா.

அடித்தேன். விரல் எழுந்தது.

மகள் கண்ணைத் திறக்கவில்லை. "இன்னொரு தடவப்பா" என்றாள்.

ஒரே கணக்கில் அடிக்கவில்லை. சிலது உடனே, சிலது ஐம்பது எண்ணிவிட்டு. இரண்டு தடவை கரண்டியை ஓங்கி அடிக்காமல் விட்டேன். விரல் எழவில்லை. மறுபடி அடித்தேன். எழுந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கடைசி மூன்று அடிக்கு விரல் அசையவில்லை. பிள்ளைக்குச் சலித்துவிட்டது என்றாள் மகள்.

மாப்பிள்ளை திரும்பி, எத்தனை அடித்தேன் என்று கேட்டார். பத்து விரலைக் காட்டினேன். அவர் தான் தூக்கியதைக் காட்டினார்.

ஏழு.